சம்பந்திகளும் காணாமல் போன பேரலையும்

அத்தியாயம் 4

"யாரு செத்துப்போனது?" என்று கொழுந்தன் கேட்டான். தலைமை நடுவர் அவனை ஒரு முறை முறைத்தார். அதில் பாதியை அவன் வாங்கிக்கொண்டான். மீதிப் பாதி அவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த அண்ணியின் மேல் விழுந்தது.

அவன் கேட்டதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. முந்நூறு பேர் நிற்கிற விளையாட்டு அரங்கத்தில் ஒருவர்கூட வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும். மேடையில் கட்டியிருந்த துணியில் 'பாய்மரம் – தேசிய இறுதிப் போட்டி' என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஒரே ஒரு மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, இரண்டும் காலி. சுவர்க் கடிகாரம் மூன்று இருபது காட்டியது.

பாய்மரம் ஒரு கார்டு விளையாட்டு. கப்பல், காற்று, கொள்ளைக்காரன், திமிங்கிலம் என்று படம் போட்டு விற்கிற ஆயிரக்கணக்கான கார்டுகளில் ஆளுக்கு அறுபதைப் பொறுக்கி, கட்டாகச் சேர்த்து, அதை வைத்து எதிராளியின் கப்பல்களை மூழ்கடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு வந்த கொழுந்தன், கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்ததைப் பார்த்து அந்த நினைப்பை மரியாதையாக மாற்றிக்கொண்டான்.

அண்ணியின் துப்பறியும் அலுவலகம் எதிர்க் கட்டடத்தில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அங்கே உதவியாளர், ஓட்டுநர், டீ வாங்கி வருபவர், யாரும் கேட்காத கருத்தைச் சொல்பவர் ஆகிய நான்கு வேலைகளையும் கொழுந்தன் ஒருவனே பார்த்தான். அண்ணி அதிகம் பேசமாட்டாள். அவளைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அண்ணன் வீட்டில் எதையும் ஒளித்துவைப்பதில்லை. ஒளித்துப் பிரயோசனம் இல்லை என்று முதல் மாதமே புரிந்துவிட்டதாம்.

நடுவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். இறுதிப் போட்டிக்கு வந்திருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் லிஃப்ட் மெக்கானிக், ஐம்பது வயதுப் பெண்மணி. இன்னொருவர் பல் டாக்டர். அந்த அம்மாவின் மகளைத்தான் டாக்டரின் மகனுக்குக் கொடுத்திருக்கிறது.

"அப்போ சம்பந்திகள் சண்டையா?" என்றான் கொழுந்தன். "அதுக்கு எதுக்கு சார் கார்டு, கப்பல் எல்லாம்? சும்மாவே நடக்குமே."

இறுதி ஆட்டத்துக்கு முன்னால் நடுவரே ஆளுக்கொரு புது உறைப் பாக்கெட் கொடுப்பாராம். கார்டு கசங்காமலும், முதுகில் அடையாளம் வைத்து ஏமாற்ற முடியாமலும் இருக்க, ஒவ்வொரு கார்டையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போடவேண்டும். முதுகுப் பக்கம் வெளியே தெரியாத உறை. அந்த அம்மாவுக்கு நீலம், டாக்டருக்குக் கறுப்பு. சீல் வைத்த பாக்கெட்டில் அறுபத்தைந்து உறை. அறுபது கார்டுக்கு, ஐந்து கிழிந்தால் மாற்ற. போட்டு முடித்த பிறகு நடுவர் கட்டைச் சரிபார்ப்பார். முதலில் அந்த அம்மாவின் கட்டைப் பிரித்துப் பார்த்ததில் ஐம்பத்தொன்பதுதான் இருந்தது. இல்லாத கார்டு 'பேரலை'. அந்த அம்மாவின் ஆட்டமே அந்த ஒரு கார்டை நம்பித்தான். பழைய அச்சு, அரங்கத்தில் யாரிடமும் வேறொன்று இல்லை.

"நாலு மணிக்குள்ள அறுபது கார்டு மேஜைக்கு வரலைன்னா, ஆடாமலே டாக்டருக்குப் பட்டம்" என்றார் நடுவர். "உள்ள இருந்த நாலு பேர் பையையும் பார்த்தாச்சு மேடம். டாக்டர் கட்டை மட்டும்தான் பார்க்கலை. அவர் குடுக்கமாட்டேங்கிறார். நாலு மணி வரைக்கும் கையில வெச்சிருக்க எனக்கு உரிமை இருக்குங்கிறார். இருக்கு, அதான் பிரச்சினை. இதுல அவங்க கட்டைத் தொட்டு எண்ணுங்க, தொட்டு எண்ணுங்கன்னு எனக்கு மூணு தடவை புத்தி வேற சொல்லிட்டார்."

கொழுந்தனுக்கு அங்கேயே வழக்கு முடிந்துவிட்டது. கார்டு டாக்டரின் கட்டுக்குள் இருக்கிறது, நாலு மணிக்கு வேறெங்காவது போய்விடும். இதற்குத் துப்பறிவாளர் எதற்கு, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவனுக்கே தெரியுமே என்றான். அண்ணி அந்த அம்மா உட்கார்ந்திருந்த அறைக்கு நடந்தாள்.

லிஃப்ட் மெக்கானிக் ஒரு மடக்கு நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். நகக்கண்ணில் கிரீஸ் கறை. பதினான்கு வருடமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில், நிறுத்திவைத்த லிஃப்ட் பெட்டிக்குள் உட்கார்ந்து, கூட வேலை செய்பவரோடு ஆடிப் பழகியதாகச் சொன்னாள். இறுதிப் போட்டிக்கு வருவது இதுதான் முதல் தடவை. சம்பந்தியைப் பற்றி அண்ணி கேட்டதும் அவள் முகம் மாறியது.

போன வருடம் காலிறுதியில் அவரை இவள் தோற்கடித்தாளாம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் இவளோடு பேசவில்லை. ஒரே அறையில் இருந்தாலும், உங்க அம்மாகிட்ட சொல்லும்மா என்று மருமகள் வழியாகத்தான் சேதி வரும். இவளும் விடவில்லை, உங்க மாமாகிட்ட சொல்லு என்று திருப்பி அனுப்புவாள். நடுவில் அந்தப் பெண் தபால்காரியாக அலைந்தாள்.

"வெளியில எல்லாரும் அவர்தான் எடுத்தாருங்கிறாங்க" என்றாள். "அது என் வாயிலருந்து வராது. என் பொண்ணு அந்த வீட்டுல வாழுறா. சம்பந்தியைத் திருடன்னு நான் சொல்லிட்டு, அவ நாளைக்கு எந்த மூஞ்சியோட அங்க போவா? ஆனா ஆடாம தோத்துட்டுப் போகவும் எனக்கு மனசு இல்லை. எனக்குக் கார்டு கிடைக்கணும். திருடன் கிடைக்கக் கூடாது."

"ரெண்டும் ஒண்ணா கேக்கறீங்களே" என்றான் கொழுந்தன்.

"முயற்சி பண்றேன்" என்றாள் அண்ணி. கடிகாரத்தில் மூன்று முப்பத்தொன்று.

கார்டுகளுக்கு உறை போட்ட அறையில் நீள மேஜை, நான்கு நாற்காலி, ஒரு குப்பைக்கூடை, அவ்வளவுதான். ஜன்னல் திறக்காத ரகம். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று அண்ணி நடுவரைக் கேட்டாள். சம்பந்திகள் இரண்டு பேரும் எதிரெதிரே. உதவிக்கு ஆளுக்கொருவர் வைத்துக்கொள்ளலாம். மாமியாருக்கு மாப்பிள்ளை உதவினார், மாமனாருக்கு மருமகள் உதவினாள். ஒருவர் கட்டில் ஒருவர் கைவைத்தார் என்ற பேச்சே வரக்கூடாது, அவங்கவங்க பிள்ளை எதிர்ப்பக்கம் இருந்தா நல்லதுதானே என்று அந்தப் பெண்ணே யோசனை சொன்னாளாம். கட்டில் கைவைப்பவர்களுக்கு இந்த அரங்கத்தில் ஆயுசுக்கும் இடமில்லை என்பதால் நடுவருக்கும் அது பிடித்திருந்தது. அந்த இளம் தம்பதி இரண்டு பேருமே ஆட்டக்காரர்கள். ஒருவரை ஒருவர் முதலில் பார்த்ததே இந்த அரங்கத்தில்தான்.

நடுவர் பேசிக்கொண்டிருக்கும்போதே கொழுந்தன் குப்பைக்கூடையைக் கிளறினான். துப்புக்காக இல்லை. உள்ளே பளபளவென்று புது உறைகள் கிடந்தன. அவன் சட்டைப்பையில் அலுவலக விசிட்டிங் கார்டுகள் வியர்வையில் நனைந்து, அப்பளம் மாதிரி வளைந்துபோயிருந்தன.

"ஒரு டஜன் கிடைச்சுது அண்ணி" என்றான் சந்தோஷமாக. "நம்ம கார்டுக்கெல்லாம் சட்டை மாட்டி விட்டாச்சு."

அண்ணி அவனைக் கவனிக்கவில்லை. அவள் கண் நடைபாதையில் இருந்தது. தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் மகளும் மாப்பிள்ளையும் நின்றுகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கையில் இருந்த காகிதக் குவளை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவன் பாட்டுக்குப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தான்.

பல் டாக்டர் மேடைக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி மூன்று வரிசை நாற்காலி காலி; ஊரே தள்ளிவைத்த மாதிரி ஒரு இடைவெளி. மடியில் கறுப்பு உறை போட்ட கட்டு, அதன் மேல் கைக்குட்டை. கூட்டம் மொத்தமும் அந்தக் கைக்குட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால்கூட முந்நூறு தலை கூடவே திரும்பும்.

அண்ணி கட்டைக் கேட்டாள். நாலு மணிக்குத் தருவதாகச் சொன்னார். இப்போது தந்தால் கெட்ட பெயர் போகுமே என்றாள். போனால் போகட்டும், வந்தது வந்ததுதான் என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கொழுந்தனுக்கு எரிச்சலாக இருந்தது. இந்த மனிதரிடம் பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தால் என்ன கதி என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டான்.

வாயை மூடியதால் கண் திறந்தது. டாக்டரின் கட்டைவிரல் கைக்குட்டைக்குக் கீழே கட்டின் விளிம்பை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நின்றது. நின்று, தாண்டி, மறுபடியும் மேலே போனது.

"டாக்டர், பல் அடைச்ச பிறகு ஒரு நிறக் காகிதத்தைக் கடிக்கச் சொல்வீங்களே" என்றாள் அண்ணி. "அது எவ்வளவு மெலிசு?"

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "தலைமுடியை விட மெலிசு."

"ரெண்டு காகிதம் சேர்ந்திருந்தா விரலுக்குத் தெரியுமா?"

"முப்பது வருஷமா அதானே என் பிழைப்பு" என்றவர், உடனே அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் கைக்குட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நடைபாதைக்கு வந்ததும் கொழுந்தன் கொட்டித் தீர்த்தான். கட்டைவிரல் நிற்கிற இடத்தில்தான் பேரலை இருக்கிறது, இது கையும் களவும்தான், போலீஸ் நாய்கூட வேண்டாம், ஒரு பூனை போதும் என்றான். மணி மூன்று நாற்பத்தாறு. அண்ணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, நடுவரிடம் கொடுக்க ஒரு விசிட்டிங் கார்டு எடு என்றாள்.

அவன் பெருமையாக எடுத்து நீட்டினான். நீல உறைக்குள் அண்ணியின் பெயர் மினுங்கியது. அண்ணி அதை வாங்கினாள். நடுவரிடம் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தம்பி, இது எத்தனைன்னு சொன்னே?"

"ஒரு டஜன். திருப்பிக் குடுக்கணுமா? குப்பையிலதான் அண்ணி எடுத்தேன்."

"நீலம் எத்தனை, கறுப்பு எத்தனை?"

கொழுந்தன் தண்ணீர் இயந்திரத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்து எண்ணினான். நீலம் ஆறு. கறுப்பும் ஆறு. எண்ணி முடித்தவன் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"பாக்கெட்ல அறுபத்தஞ்சு. அறுபது போட்டா மிச்சம் அஞ்சுதானே இருக்கணும்?" என்றாள் அண்ணி. "நீலத்துல ஆறு மிச்சம். அறுபது கார்டும் ஐம்பத்தொன்பது உறைக்குள்ள போயிருக்கு. பேரலை எங்கயும் போகலை. அவங்க கட்டுலயே வேற ஒரு கார்டுக்குப் பின்னாடி, ஒரே உறைக்குள்ள உக்காந்திருக்கு. நடுவர் கார்டோட முன்பக்கத்தை மட்டும் புரட்டிப் பார்த்தார். அதான் டாக்டர் தொட்டு எண்ணுங்கன்னு கெஞ்சியிருக்கார்."

"அவருக்கு எப்படித் தெரியும்?" என்றவன், கறுப்பு உறைகளைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"அதேதான். அவர் கட்டுலயும் ஒண்ணு அப்படி இருக்கு. கலைக்கும்போதே விரல்ல தட்டுப்பட்டிருக்கும். ஒரு கட்டுல ரெண்டு கார்டு சேர்ந்திருந்தா கைத்தவறுதல். ரெண்டு கட்டுலயும் இருந்தா?"

அண்ணியும் கொழுந்தனும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் குவளை கீழே விழுந்தது.

விசாரணை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பெண் அழவில்லை, நேராகச் சொன்னாள். போன வருடம் இரண்டு மாதம் நடந்ததைத் தாங்கியாயிற்று, இந்த வருடம் இறுதிப் போட்டி. தோற்றவர் இரண்டு வருடம் பேசமாட்டார். விதிப்புத்தகத்தில் முப்பத்தொன்றாவது விதி, இரண்டு கட்டிலும் குறை இருந்தால் ஆட்டத்தைக் கைவிட்டு, பட்டத்தை இரண்டு பேருக்கும் பொதுவாகக் கொடுக்கச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு இவளும் புருஷனும் ஒரு வாரம் பயிற்சி எடுத்தார்களாம், ஒரே உறையில் இரண்டு கார்டை நழுவவிட.

"அத்தை கட்டுல குறைன்னு தெரிஞ்சதும் அடுத்து அப்பா கட்டை எடுப்பாங்க, சரியாப்போயிடும்னு நெனச்சோம்" என்றான் மாப்பிள்ளை. "அப்பா குடுக்கவே மாட்டேன்னுட்டார். அதுக்குள்ள யாரோ திருட்டுன்னு கத்திட்டாங்க. எங்களுக்கு வாய் வரலை."

ஏன் கொடுக்கவில்லை என்று நினைக்கிறீர்கள் என்று அண்ணி கேட்டாள். இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அண்ணி அவர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை. கொழுந்தனுக்கு மட்டும் புரிந்துவிட்டது. முந்நூறு பேர் திருடன் என்று பார்க்க, அந்த மனிதர் மருமகளைக் காட்டிக்கொடுக்காமல் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி அவன் சொன்ன பூனை ஜோக் அவனுக்கே இப்போது கசந்தது.

"சரி, சொல்லிடலாமா?" என்றான் மெதுவாக. "சொன்னா ரெண்டு பேருக்கும் பட்டம். ஆனா இவங்க ரெண்டு பேருக்கும் ஆயுசுக்கும் கதவு சாத்திடும்."

"திருடன் கிடைக்கக் கூடாதுன்னுதானே அந்தம்மா கேட்டாங்க" என்றாள் அண்ணி. ஒரே ஒரு கறுப்பு உறையை எடுத்து, அதற்குள் இருந்த விசிட்டிங் கார்டை அப்படியே விட்டு, அவன் கையில் வைத்தாள். "டாக்டர்கிட்ட நம்ம கார்டைக் குடு. பல் வலின்னு சொல்லு. கூட்டம் மேடையைப் பார்க்கிற நேரமா பார்த்துக் குடு. மத்தது அவர் பார்த்துப்பார்."

மூன்று ஐம்பத்து நான்குக்கு அண்ணி மேடை ஏறினாள். ஆறு நீல உறைகளை மேஜையில் விசிறி மாதிரிப் பரப்பிவைத்தாள். அறுபத்தைந்து, ஐம்பத்தொன்பது, ஆறு என்று மூன்றே எண்ணைச் சொன்னாள். நடுவர் ஒரு கணம் விழித்தார். பிறகு அந்த அம்மாவின் கட்டை எடுத்து ஒவ்வொன்றாக விரலால் நசுக்கிப் பார்க்க ஆரம்பித்தார். முந்நூறு பேரும் எழுந்து மேடைப் பக்கம் நெருக்கினார்கள். நாற்பத்திரண்டாவது உறையில், 'நங்கூரம்' கார்டுக்குப் பின்னாலிருந்து பேரலை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. விதியில் கார்டு அறுபது என்றுதான் இருக்கிறது, உறை அறுபது என்று இல்லை, குறை ஒன்றுமில்லை என்று நடுவர் அறிவித்தார். புது பிளாஸ்டிக், ஒட்டிக்கொண்டிருக்கும் என்றும் அவராகவே காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். அண்ணி அதை மறுக்கவில்லை.

அந்தச் சந்தடியில் கொழுந்தன் டாக்டரின் பக்கத்தில் குனிந்து, கீழ்வரிசையில் ஒரு பல் ரெண்டு நாளாகப் படுத்துகிறது, எப்போது வரலாம், இதுதான் எங்கள் விலாசம் என்றான். டாக்டர் கறுப்பு உறையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கைக்குட்டை ஒரு தடவை அசைந்தது. அவ்வளவுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. மறுகணம் விசிட்டிங் கார்டு உறையில்லாமல் அவன் கைக்குத் திரும்பி வந்திருந்தது. டாக்டர் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கட்டை நடுவரிடம் நீட்டினார். அறுபது கார்டு, அறுபது உறை.

எல்லாரும் மேடையைப் பார்த்தபோது ஒருத்தி மட்டும் பார்க்கவில்லை. இரும்புக் கதவின் விரற்கடை இடைவெளியில் உள்ளே என்ன சிக்கியிருக்கிறது என்று பார்த்தே வாழ்நாளைக் கழித்த லிஃப்ட் மெக்கானிக், கொழுந்தனின் அக்குள் வழியாக அந்தக் கைக்குட்டையைப் பார்த்திருந்தாள். பிறகு தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் வெளிறிப்போய் நின்ற மகளைப் பார்த்தாள். அவளுக்குக் கணக்கு புரிய அதற்கு மேல் நேரம் ஆகவில்லை.

சம்பந்திகள் இரண்டு பேரும் மேஜையில் உட்கார்ந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஒருவர் கட்டை மற்றவர் கலைக்க வேண்டும். முழு நம்பிக்கை இருந்தால் கலைக்காமல், விரல் முட்டியால் மேலே ஒரு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெரிய போட்டிகளில் யாரும் அப்படிச் செய்வதில்லை. போன வருடம் இந்தச் சம்பந்திகள் பதினொரு நிமிடம் கலைத்தார்கள் என்று நடுவர் அண்ணியின் காதில் சொன்னார்.

லிஃப்ட் மெக்கானிக் சம்பந்தியின் கட்டைக் கையில் வாங்கினாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கட்டைவிரல் விளிம்பில் ஒரு தடவை ஓடியது. பிறகு அதை மேஜையில் வைத்து, முட்டியால் ஒரே ஒரு தட்டுத் தட்டி, அவர் பக்கம் நகர்த்தினாள்.

டாக்டர் அவளுடைய கட்டைத் தொடவே இல்லை. எட்டி ஒரு தட்டுத் தட்டினார்.

"ஆரம்பிக்கலாமா சம்பந்தி?" என்றார். அன்று முழுக்க அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. கேட்டுக்கொண்டிருந்த மருமகள் புருஷனின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

நம்பிக்கை வேறு, ஆட்டம் வேறு. ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் ஒருவர் கப்பலை ஒருவர் ஈவிரக்கம் இல்லாமல் மூழ்கடித்தார்கள். கடைசியில் டாக்டரிடம் மூன்று கப்பலும் அந்த அம்மாவிடம் ஒரு தோணியும் மிஞ்சியிருந்தபோது, அவள் மேலிருந்து ஒரு கார்டை எடுத்தாள். பார்த்தாள். சிரிக்காமல் மேஜையில் வைத்தாள். பேரலை மூன்று கப்பலையும் வாரிக்கொண்டு போனது.

கொழுந்தனுக்கு ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவன்தான் முதலில் கைதட்டினான்.

கோப்பை வாங்கி, படம் பிடித்து முடிந்ததும் மகளும் மாப்பிள்ளையும் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்கள். டாக்டர் முகத்தில் தோல்வி அப்பட்டமாகத் தெரிந்தது. அவர் அதை மறைக்கவும் முயலவில்லை. இந்த ஆள் மறுபடியும் இரண்டு மாத மௌனத்தில் இறங்கப்போகிறார் என்று கொழுந்தன் அண்ணியிடம் முணுமுணுத்தான். டாக்டர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நிதானமாக நான்காக மடித்தார்.

"அடுத்த வருஷம்" என்றார் மருமகளைப் பார்த்து, "என் கார்டுக்கு நானே உறை போட்டுக்கறேன்மா."